மேடை ஏறாத தரைப்புறா

நாங்கள் விடுதலை விற்கிறவர்கள். கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, எதுவானாலும் ஒரு போன் போதும், பெட்டி நிறைய வெள்ளைப் புறாக்களோடு வந்து நிற்போம். விழாவின் பெரிய மனிதர் ஒரு புறாவைக் கையில் வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, மேலே வீசுவார். அது படபடவென்று போகும். கூட்டம் கை தட்டும். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்வார்கள். அந்தப் புறா எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நேராக எங்கள் மொட்டை மாடிக்குத்தான் போகிறது. நாங்கள் வேனை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அது கூண்டில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருக்கும்.

இதை நான் வெளியே சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. "தொழில் ரகசியம்" என்பார். எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ரகசியம். ஏமாற்று வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் புறாவுக்கு நஷ்டமில்லை, கை தட்டுகிறவனுக்கும் நஷ்டமில்லை. அதனால் நான் நிம்மதியாகத் தூங்கினேன், ஆகட்டும் என்கிற ஆள் அந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவரும் வரை.

ஆகட்டும் என்பது நாங்கள் வைத்த பெயர். விழா ஏற்பாட்டாளர். பணக்காரர் யார் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்பதற்கு முன்பே "ஆகட்டும் சார், ஆகட்டும்" என்பார். யானையை மாடியில் ஏற்றச் சொன்னாலும் ஆகட்டும்தான், பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் போன் போட்டு, ஏற்றச் சொல்வார். எங்களுக்கு வரும் வேலையில் பாதி அவர் மூலமாக வருவது. அதனால் அவர் எங்கள் படியேறினால் வீட்டுக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

அன்றைக்கு ஆகட்டும் உட்காரவில்லை. கயிறு கட்டிய அட்டைப் பெட்டியை நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"அக்கா, இதைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கணும். விடுதி முதலாளியோட உயிரே இதுலதான் இருக்கு."

பெட்டிக்குள் இரண்டு புறாக்கள். எங்கள் புறாக்களைப் போல இல்லை. குட்டையாக, உருண்டையாக, ஈரமண் நிறத்தில். கழுத்தில் மட்டும் வெளிச்சம் பட்டால் ஊதா தெரியும். கால்கள் நீளம். ஒன்றோடு ஒன்று ஒட்டி மூலையில் ஒடுங்கியிருந்தன. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? மலையடிவாரத்தில் காட்டை வெட்டி எழுப்பிய புது விடுதியின் விளம்பரப் பலகையில் பஸ் உயரத்துக்கு இந்தப் பறவையைத்தானே வரைந்திருக்கிறார்கள். தரைப்புறா. அந்தக் காட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் இருக்கிற பறவை என்று அந்தப் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள், ஏதோ பட்டம் வாங்கின மாதிரி.

"யார் புடிச்சது?" என்றேன்.

"கண்ணி வைக்கிற ஆளு ஒருத்தன் இருக்கான். அதை விடுங்கக்கா. திறப்பு விழாவுல முதலாளி தன் கையால இதைப் பறக்க விடறார். காட்டோட பொருளைக் காட்டுக்கே குடுக்கிறார். எப்படி இருக்கு ஐடியா?"

"காட்டுல இருந்ததைப் புடிச்சுட்டு வந்து காட்டுக்கே குடுக்கிறாரா?"

ஆகட்டும் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவற்றைத் தனிக் கூண்டில் விட்டேன். கீழ்த் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் டப்பென்று வெடித்தது. அவ்வளவுதான், இரண்டும் நெட்டுக்குத்தாக மேலே எழும்பிக் கம்பியில் மோதி விழுந்தன. ஒன்றின் உச்சந்தலையில் தோல் பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது. எங்கள் புறாக்கள் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே தூங்கும் ஜாதி. இது அப்படியில்லை. பயந்தால் முதலில் மேலே பாயும், பிறகுதான் எங்கே போகலாம் என்று யோசிக்கும். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை வைத்துக் கூண்டின் கூரைக்கு உள்ளே தைத்தேன். நான்கு பக்கமும் சாக்கைக் கட்டி இருட்டாக்கினேன்.

சோளம் வைத்தேன், சீந்தவில்லை. எள் வைத்தேன், அதுவும் இல்லை. மறுநாளும் அப்படியே. வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பறவை செத்தால் ஆகட்டும் என்ன சொல்வாரோ என்று. எனக்கு அந்தக் கவலை இல்லை, பறவை செத்துவிடுமே என்ற கவலைதான். என்ன தோன்றியதோ, தெருமுனை மரத்தடியிலிருந்து காய்ந்த சருகை ஒரு கூடை அள்ளிவந்து கூண்டின் தரையில் கொட்டி, அத்திப்பழத்தைப் பிய்த்து அதற்குள் ஒளித்து வைத்து, சாக்கின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காயம்பட்டது ஓர் அடி வைத்தது. அலகால் ஒரு சருகைப் புரட்டிப்போட்டது. அடுத்த சருகு. அடுத்தது. பழத்தைக் கண்டதும் ஒரே விழுங்கு. அப்புறம் இரண்டும் சேர்ந்து, ஆளுக்கொரு மூலையாக, சருகைத் திருப்பித் திருப்பிப் போட்டபடி நடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் புறா வளர்த்து, பறவை என்றால் பறப்பது என்றே நினைத்திருந்தவள் நான். இது நடக்கிற புறா. இதற்குத் தேவை வானம் இல்லை, தரை.

விழா நடக்கும் இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். மின்கம்பி எங்கே, பருந்து சுற்றுகிறதா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் புறாவைக் கொண்டுபோவோம். விடுதியின் முன்னால் புல்டோசர் வழித்த மைதானம், மொட்டைத்தலை மாதிரி. ஒரு செடி இல்லை. மேடைக்கு நேர் எதிரே ஐந்து மாடிக்குக் கண்ணாடிச் சுவர், அதில் மலையும் மேகமும் அசல் மாதிரியே தெரிகின்றன. மேடையின் இரண்டு பக்கமும் வண்ணக் காகிதம் பீய்ச்சும் பீரங்கி. புறாவை விடும் அதே நொடியில் வெடிக்குமாம். மிச்சமிருந்த காடு விடுதிக்குப் பின்னால் சரிவில் இருந்தது.

அங்கேயே ஆகட்டுமைப் பிடித்தேன்.

"தம்பி, இது நடக்காது. பீரங்கி வெடிச்சா அது மேல பாயும், கண்ணாடியில மலை தெரியுது, நேராப் போய் மோதிச் சாகும். முதலாளி காலடியிலயே விழும்."

"விழுந்தா கேமராவைத் திருப்பிக்கலாம்கா. மேல போற அந்த ஒரு செகண்டுதான் நமக்கு வேணும்."

"பின்னால இருக்கிற காட்டுல கொண்டுபோய் விடுங்க. முதலாளியும் வரட்டும், படமும் எடுத்துக்கட்டும்."

"அவர் ஷூவுல சேறாயிடும்."

நான் முடியாது என்றேன். பறவையைத் தர மாட்டேன் என்றேன். ஆகட்டும் முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினார். "அக்கா, இந்தப் பறவையை வச்சிருக்கிறதே குத்தம். தெரியுமில்ல? அது என் வீட்டுல இல்ல, உங்க மொட்டை மாடியில இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

வீட்டுக்காரர் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தார். "ரெண்டு பறவைக்காக நம்ம பொழப்பைக் கெடுத்துக்கணுமா? அந்த வாயை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க மாட்டியா?" அவர் கெட்டவர் இல்லை. புறாக் குஞ்சுக்குச் சளி பிடித்தால் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிற மனிதர். சத்தமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் மட்டும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். சத்தமாகப் பேசுகிற என்னை எப்படிக் கட்டிக்கொண்டார் என்பது எனக்கே புரியாத விஷயம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆகட்டுமிடம் சரி என்று சொல்லிவிட்டு, விழாவன்று எங்கள் தங்கநிற மேடைப் பெட்டியில் என் வெள்ளைப் புறா ஒன்றை வைத்து எடுத்துப்போனேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. முன்வரிசையில் வனத்துறை அதிகாரி, மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத் திரை, அதில் தரைப்புறாவின் படம், ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி.

அறிவிப்பாளர் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். "இதோ, நம் மண்ணின் அபூர்வப் பறவை! நம் முதலாளியின் பொற்கரங்களால்!" நான் பெட்டியைத் திறந்து புறாவை முதலாளியின் கையில் வைத்தேன். அவர் கேமராவைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. வீசினார். பீரங்கி வெடித்தது. பால் வெள்ளையில் ஒரு புறா, மண் நிறப் பறவையின் படத்துக்கு முன்னால் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அதிகாரியும் பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. படம் பின்னால் நிற்கிறது, பறவை முன்னால் போகிறது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஜெயித்துவிட்டேன், நாளைக்கு விடியும் முன்பே அந்த இரண்டையும் பின்னாலிருக்கிற காட்டில் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது, வேலையும் போகாது. அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அது கொஞ்சநேரம்தான் தங்கியது.

ஆகட்டும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அக்கா, முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்! இனிமே வாராவாரம் இதான். தேனிலவுக்கு வர்ற ஜோடிங்க ஒவ்வொருத்தரும் ஒரு தரைப்புறாவைப் பறக்க விடலாம். கண்ணிக்காரன்கிட்ட இருவது சொல்லியாச்சு."

நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"தம்பி, இப்ப விட்டது வெள்ளைப் புறா. யாருக்கும் தெரியல. அதையே விடலாமே, எத்தனை வேணும்னாலும் நான் தர்றேன்."

அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு என் தோளில் தட்டினார். "அடேங்கப்பா, என் காதுலயே பூ சுத்திட்டீங்களே! ஆனா அது மேடைக்குச் சரி அக்கா. ஜோடிங்க கையில வச்சு, கன்னத்துக்கிட்ட வச்சுப் படம் எடுப்பாங்க. அசல் வேணும். உங்ககிட்ட இருக்கிற ரெண்டும் முதல் ஜோடிக்கு ஆகட்டும்."

இரண்டைக் காப்பாற்றியதாக நினைத்து இருபதுக்கு வழி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். என் பொய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல். இதை ரகசியமாகச் சரிசெய்ய முடியாது என்று புரிந்தது. சத்தம் போட்டால்தான் உண்டு.

படியேறினேன். அறிவிப்பாளர் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். பறவையை வாங்குகிற பழக்கத்தில் மென்மையாகத்தான் வாங்கினேன், அவரும் கொடுத்துவிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் படத்தைப் பாருங்க. இப்ப பறந்து போனது எந்த நிறம்? வெள்ளை. அது என் புறா. கொஞ்ச நேரத்துல என் வீட்டுல சோளம் தின்னுக்கிட்டிருக்கும்."

யாரோ சிரித்தார்கள்.

"நிஜமான தரைப்புறா ரெண்டு என்கிட்ட இருக்கு. அதை வச்சிருக்கிறது குத்தம். நான் அந்தக் குத்தத்தைப் பண்ணியிருக்கேன். இந்த விழாவுக்காகக் கண்ணி வச்சுப் புடிச்சது. இன்னும் இருவதுக்குச் சொல்லியிருக்காங்க..."

மைக் செத்தது. ஆகட்டும் ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டியிருந்தார். போகட்டும். மொட்டை மாடியில் நின்று மூன்று தெருவுக்கு அப்பால் திரியும் புறாவைக் கூப்பிடுகிறவளுக்கு மைக் எதற்கு?

"சார்! பூங்கொத்து வச்சிருக்கிற சார்! உங்களைத்தான் கேக்குறேன். புடிச்சது குத்தமா இல்லையா?"

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள், பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. முதலாளி மைக் இல்லாமலே நன்றாகக் கத்தினார். "யாரு இந்தப் பொம்பளை? இறக்குங்க கீழே! என்ன ஆதாரம் இருக்கு?"

ஆதாரம் மொட்டை மாடியில் இருந்தது, ஒரு மணி நேரத் தூரத்தில். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆகட்டுமின் ஆட்கள் போய்விடுவார்கள் என்று தெரிந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"வேன்ல இருக்கு," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வேன்ல இருக்கு! ரெண்டும் இருக்கு! வந்து பாருங்க!"

எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். கடைசி நேரத்தில் ஆகட்டும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்ற பயத்தில். கூண்டோடு, பஞ்சுக் கூரையோடு, சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே என் பழைய சேலையைப் போர்த்தி. நான் அவரை முறைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் நகரவில்லை.

அதிகாரி சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தை "உஷ்" என்றேன், ஆச்சரியம், எல்லோரும் அடங்கினார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் இதை நேர்ல பார்த்ததே இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படம் எடுத்தார். இந்தக் காயத்தோடு இன்னொரு நாள் கூண்டில் இருந்தால் பிழைக்காது என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, விடுதியின் பின்பக்கமாகச் சரிவில் இறங்கினார். நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஷூவிலும் சேறுதான் ஆனது, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

மரத்தடியில் கூண்டை வைத்துக் கதவைத் திறந்தேன். வீசவில்லை, யாரும் கை தட்டவில்லை. இரண்டும் வெளியே வந்தன. காயம்பட்டது ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. பிறகு நடந்தே போய்விட்டன. எந்த இடத்தில் கண்ணைவிட்டு மறைந்தன என்று சொல்ல முடியாது, அந்த மண்ணும் அவையும் ஒரே நிறம்.

வனத்துறை அலுவலகத்தில் எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே மின்விசிறி கடகடவென்று ஓடியது. கதவுக்கு வெளியே ஆகட்டும் போனில் யாரிடமோ "ஆகட்டும் சார், ஆகட்டும்" என்றுகொண்டிருந்தது கேட்டது. அதிகாரி அந்தப் போனில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு உள்ளே வந்தார். குரல் மாறியிருந்தது.

"இங்க பாருங்கம்மா. நீங்க நல்லது பண்ணியிருக்கீங்க. பறவையும் காட்டுக்குப் போயாச்சு. உங்க மேல ஏன் கேஸ் வரணும்? வழி தவறி வந்த பறவை, பொதுமக்கள் ஒப்படைச்சாங்கன்னு எழுதிடறேன். உங்க பேரே வேணாம். எல்லாருக்கும் நல்லது."

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். எனக்கும் ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போகலாம், புறாவுக்குத் தண்ணீர் வைக்கலாம். ஆகட்டுமின் வேலை இனி வராது, வேறு யாராவது கூப்பிடுவார்கள். ஆனால் அந்த இருபது?

"வழி தவறி வந்துச்சா சார்? வழி தவறி ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள நுழைஞ்சு, உள்ள இருந்தே கயித்தையும் கட்டிக்கிச்சா?"

"அம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். வழக்குன்னு போனா முதல் குற்றவாளி நீங்கதான். உங்ககிட்டதான் பறவை இருந்தது. ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும்."

"இருந்தது. அதைத்தான் எழுதச் சொல்றேன். என் பேரை எடுத்துட்டா, குடுத்தவன் யாருக்குக் குடுத்தான்? வாங்கினவளே இல்லேன்னா குடுத்தவனும் இல்ல, சொன்னவனும் இல்ல. நாளைக்குக் கண்ணிக்காரன் கூடையோட வந்து நிப்பான். என்னை முதல்ல எழுதுங்க. யார் குடுத்தாங்கன்னு கேளுங்க, அடுத்த பேர் வரும். யாருக்காகன்னு கேளுங்க, அதுக்கு அடுத்த பேர் வரும்."

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"இந்த வாரம் முழுக்க எல்லாரும் என்னை யோசிக்கத்தான் சொல்றாங்க. யோசிச்சாச்சு."

என் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதினார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். அதையும் எழுதினார். குடுத்தவர் என்று ஆகட்டுமின் முழுப்பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர்தான். சன்னமான குரல், ஆனால் ஓர் எழுத்து பிசகவில்லை. வெளியே போன் பேச்சு நின்றுவிட்டது.

பிறகு முதலாளியின் பெயரைச் சொன்னேன். பேனா நின்றது. அதிகாரி கதவைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரு நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப்போட்டு, எங்கள் மூன்று பெயர்களுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"இங்க சார். எழுதுங்க. நாங்க எங்கேயும் போகல."